ஹீட்டர்ல வடியிற தண்ணிய எங்க விடுற?

நம்மட பக்கம் ஏசி பூட்டக் கூப்பிடுற ஆக்கள் கேக்கிற கேள்வி ரெண்டுதான், கரன்ட் பில் எவ்வளவு வரும், றூம் எவ்வளவு கெதியாக் குளிரும். தண்ணி எங்க போகும் எண்டு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணலாம். பின்பக்கச் சுவர்ல ஒரு ஓட்டையப் போட்டு ஹோஸ வெளிய தள்ளிட்டா வேலை முடிஞ்சுது, பக்கத்து வளவுக்காரர் வந்து சத்தம் போடும் வரைக்கும் ஒருத்தருக்கும் அது ஞாபகத்துலயே இராது. நான் மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் ஏசி வேலையும் பைப் வேலையும் ரெண்டும் செய்யிற ஆள், அதால இந்த வடியிற தண்ணி விசயத்துல எனக்குக் கொஞ்சம் கூடவே கோவம் வரும், அத முதல்லயே சொல்லிப் போடுறன்.

இத எழுத வெச்சது கனடாவுல இரிக்கிற மச்சான். வீட்டுல பழைய தண்ணி ஹீட்டர் செத்துப் போய் புதுசா சுவர்ல மாட்டுற டாங்க் இல்லாத கேஸ் ஹீட்டர் ஒண்டு போட்டிருக்கான், வட்சப்ல வீடியோ அனுப்பி "மச்சான் தண்ணி சூடாக்கிற மெசின்ல இருந்து பச்சத் தண்ணி சொட்டுது, லீக்கா இது? பூட்ட வந்தவன் இதுக்கு ஒரு கல்லுப் பெட்டி வேற வெக்கணுமாம் காசு கேக்கிறான், ஏமாத்துறான் போல, நான் சும்மா ஒரு ஹோஸ் போட்டு நிலத்து ஓட்டைக்குள்ள விட்டுட்டா என்ன?" எண்டு கேக்கிறான். ஏமாத்தல்ல கா, அவன் சரியாத்தான் சொல்லிரிக்கான் எண்டன். நம்ப இல்ல. அதுக்குப் பொறகு நான் அனுப்பின வொய்ஸ் மெசேஜுகள் எல்லாத்தையும் சேத்தா ஒரு நாடகம் போடலாம், அதையே இஞ்ச எழுதிட்டா லண்டன் சுவிஸ் எண்டு இரிக்கிற மத்தச் சொந்தக்காரருக்கும் லிங்க்க அனுப்பலாம் எண்டு பாத்தன்.

லீக் இல்ல அது. அங்க வீட்டுக்கு வாற கேஸ் பெரும்பாலும் மெதேன், அது எரியேக்க காபனீரொட்சைட்டும் தண்ணியும் வரும், இது நாம ஓ எல் படிக்கேக்க சமன்பாடாப் பாடமாக்கினதுதான். ஒரு கன மீட்டர் மெதேன் எரிஞ்சா ஒண்டரை லீட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி வரும், ஆனா ஆவியா. பழைய மொடல் ஹீட்டர் அந்த ஆவிய சூட்டோட சூடா புகைக் குழாயால வெளிய அனுப்பிடும், அதோட காசு குடுத்து வாங்கின வெப்பத்துல ஒரு பங்கும் ஆகாயத்துக்குப் போயிரும். புது மெசின் என்ன செய்யிதெண்டா அந்தப் புகைய உள்ளுக்கயே இன்னொரு சுற்றுச் சுத்த வெச்சு உள்ள வாற குளிர்த் தண்ணிக்கு அந்தச் சூட்டக் குடுக்குது, புகை 55 பாகை செல்சியசுக்குக் கிட்டக் கீழ இறங்கினதும் ஆவி தண்ணியா ஒடுங்கத் தொடங்கும், ஒடுங்கேக்க ஆவிக்குள்ள ஒளிஞ்சிருந்த மறைவெப்பத்தையும் விட்டுட்டுப் போகும். பழசு 80 வீதத்துக்குக் கிட்டத்தான் பிடிக்கும், இது 90க்கு மேல பிடிக்கிறதுக்குக் காரணம் இதுதான். புகை அவ்வளவு ஆறிப் போய் வாறபடியாத்தான் இரும்புப் புகைக்கூடு இல்லாம அதுக்கெண்டே இரிக்கிற பிளாஸ்டிக் குழாயால வெளிய விடுறாங்க. ஆக தண்ணி சொட்டினா மெசின் ஒழுங்கா வேலை செய்யிது எண்டுதான் அர்த்தம், குளிர் காலத்துல கேஸ் எரிஞ்சும் ஒரு சொட்டும் வரல்ல எண்டாத்தான் எங்கயாவது அடைச்சிரிக்கா எண்டு யோசிக்கணும்.

பிரச்சினை என்னெண்டா அது பச்சத் தண்ணி மாதிரி இரிக்குமே தவிர பச்சத் தண்ணி இல்ல. புகைக்குள்ள இரிக்கிற காபனீரொட்சைட்டு அதுல கரைஞ்சு காபோனிக் அமிலம், எரியிற சூட்டுல காத்துல உள்ள நைதரசன் ஒட்சைட்டாகி அதுவும் கரைஞ்சு கொஞ்சம் நைத்திரிக் அமிலம், எல்லாம் சேந்து பீ.எச் (புளிப்ப அளக்கிற கணக்கு, 7 எண்டா புளிப்பில்ல, குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 3க்கும் 4க்கும் இடையில வந்து நிக்கும். தோடம்பழச் சாறு அளவு புளிப்பு. கையில பட்டா ஒண்டும் ஆகாது, கழுவிட்டுப் போகலாம். ஆனா தோடம்பழச் சாறு ராப்பகலா ஒரே இடத்துல வருசக் கணக்கா சொட்டினா என்னாகும்? செம்புப் பைப் அரிச்சு மெல்லிசாகும், நாகம் (சிங்க்) பூசின இரும்பு கறள் கட்டும், வார்ப்பிரும்புக் கழிவுப் பைப் உள்பக்கமா தின்னுப்படும், கொங்கிறீட் நிலத்துல பள்ளம் விழும். மச்சான்ட வீடு பழைய வீடு, நிலத்துக்குக் கீழ இரும்புப் பைப்தான் ஓடுது எண்டு அவனே சொல்றான், அதுக்குள்ள நேரா விடப் போறானாம்! ஒரு வருசத்துல ஒண்டும் தெரியாது. தெரியிற நேரம் நிலத்த உடைச்சுத்தான் பாக்கணும்.

அதுக்குத்தான் அந்தக் கல்லுப் பெட்டி. உள்ளுக்க இரிக்கிறது சுண்ணக்கல்லு இல்லாட்டி மாபிள் சல்லி, ரெண்டும் கல்சியம் காபனேற்று, அமிலத் தண்ணி அதுக்குள்ளால மெதுவாப் போகேக்க கல்லு கரைஞ்சு அமிலம் தணியும், கொஞ்சம் குமிழி வரும், மறுபக்கத்தால வாற தண்ணி 6, 7க்குக் கிட்ட வந்திரும். இதச் சொன்னதும் மச்சான் கேட்டான், நம்மட வாவியில அள்ளின மட்டி ஓடும் கடற்கரை முருகைக்கல்லும் அதே சாமான்தானே, அம்மா வரேக்க ஒரு பேக் கொண்டு வரச் சொல்லட்டா எண்டு. சாமான் என்னவோ அதேதான், ஒரு காலத்துல நம்மட ஊர் வீடுகளுக்கு முருகைக்கல்லுச் சுட்ட சுண்ணாம்பத்தான் பூசினாங்க. ஆனா மட்டி ஓடு நொறுங்கித் தூளாகிப் பெட்டியோட வாய அடைக்கும், ஊத்தையும் சேரும், முருகைக்கல்ல பிளேன்ல ஏத்தினா அம்மாவ எயார்போர்ட்லயே வெச்சிருப்பாங்க. கடையில அளவா உடைச்ச சல்லி விக்கிறாங்க, அத வாங்குடா எண்டன்.

பெட்டிய வெச்சாப் போல முடியல்ல. கல்லு கரையிற சாமான், கரைஞ்சு குறையும், வருசத்துல ஒருக்காவாவது திறந்து பாத்து மேல நிரப்பணும். பீ.எச் பேப்பர் எண்டு மலிவா விக்கும், பெட்டிக்குள்ளால வாற தண்ணியில நனைச்சுப் பாத்தா கல்லு வேலை செய்யுதா இல்லையா எண்டு அப்பவே விளங்கும். பெட்டிய மெசினோட வாய்க்குக் கீழதான் வெக்கணும், மேல வெச்சா தண்ணி ஏறாது, பின்னுக்குத் திரும்பி மெசினுக்குள்ள தேங்கி அது நிண்டு போகும். மெசினுக்கும் பெட்டிக்கும் இடையில செம்பும் வேணாம் இரும்பும் வேணாம், பீ.வி.சி, நம்மட பாசையில எஸ்லோன் பைப், அதுதான் சரி. மெசின்ல இரிக்கிற வாயிட அளவ விட எந்த இடத்துலயும் பைப் ஒடுங்கக் கூடாது. சரிவு ஒரு அடிக்கு கால் இஞ்சி.

சரிவு எண்டதும்தான் நம்மட ஊர்க் கதை ஞாபகம் வருது. நம்மட பைப் பூட்டுற பாஸ்மார் நிறைய பேருக்குத் தண்ணி மேட்டுல ஏறும் எண்டு ஒரு நம்பிக்கை இரிக்கு. சுவர்ல பைப்ப வடிவா நேர்க் கோட்டுல கொண்டு போவாங்க, யன்னல் வந்திட்டா யன்னலுக்கு மேலால ஒரு வளைவு வெச்சு மறுகா கீழ இறக்குவாங்க, பாக்க நல்லா இரிக்கும், அந்த வளைவுக்கு முன்னால தண்ணி தேங்கி பாசி பிடிச்சு ஏசித் தட்டு நிரம்பி கட்டில் தலைமாட்டுல சொட்டும். இன்னொண்டு, ஹோஸ் நுனிய வாளிக்குள்ள விட்டு வெக்கிறது. வாளித் தண்ணி கூடினதும் நுனி மூழ்கும், உள்ளுக்குள்ள காத்து அடைபட்டு மேல இரிக்கிற தண்ணி இறங்காது. நுனி எப்பவும் தண்ணிக்கு மேல, காத்துல, தெரியிற மாதிரி இரிக்கணும். கண்ணால சொட்டுறதப் பாக்கக்கூடிய மாதிரி இருந்தாத்தான் சொட்டாம விட்ட அண்டைக்கே கண்டுபிடிக்கலாம்.

வாளி எண்டா டெங்கு. மாரி தொடங்கினா நம்மட மாவட்டத்துல டெங்கும் கூடவே வந்திரும், எல்லாருக்கும் தெரியும், பூச்சாடி டயர் சிரட்டை எல்லாம் தேடித் தேடிக் கவுப்பாங்க, ஏசி வாளிய மட்டும் மறந்திருவாங்க. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பா வர ஒரு கிழமை பத்து நாள் போதும், சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து பாக்கிறதுக்கு முதல் நாமளே பாத்தா நல்லது. வாளி வைக்கிறதெண்டா ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்திட்டு உள்பக்கத்தத் தேய்ச்சு விடுங்க, முட்டை சுவர்ல ஒட்டித்தான் இரிக்கும்.

தண்ணிய மண்ணுக்குள்ள விடலாமா எண்டு கேக்கிறாங்க. ஏசித் தண்ணிதானே, காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து தண்ணியானது, அமிலம் கிடையாது, தாராளமா விடலாம், வாழைக்கு விடுங்க, தென்னைக்கு விடுங்க. கல்லடி நாவற்குடாப் பக்கம் எல்லாம் மணல், கடலுக்கும் வாவிக்கும் நடுவுல கிடக்கிற நிலம், ஊத்தின தண்ணி ஊத்தின இடத்துலயே காணாமப் போகும். ஆனா அத்திவாரத்தோட ஒட்டி விடாதங்க, ஒரு சின்னக் குழி வெட்டி சல்லி போட்டு சுவர்ல இருந்து தள்ளி விடுங்க. குழிக்குள்ள பைப்ப ஆழமா இறக்கவும் வேணாம், மார்கழியில கிணத்துத் தண்ணி எட்டி அள்ளுற அளவுக்கு வரேக்க குழியும் நிரம்பும், பைப் நுனி மூழ்கினா நான் மேல சொன்ன அதே வாளிக் கதைதான். கச்சான் காத்து அடிக்கிற நாளையில காத்து காஞ்சு போய் வாறதால தண்ணி குறைவாத்தான் வரும், அத வெச்சு ஹோஸ் சரி எண்டு முடிவெடுக்காதங்க, புழுக்கமான ராவுல ஒரு பன்னிரெண்டாயிரம் பீ.டி.யூ ஏசி, அதாவது ஒரு டன் ஏசி, மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டருக்கு மேலயும் தள்ளும்.

குடிக்கலாமா எண்டும் ஒருத்தர் கேட்டார். வேணாம். தட்டுல தூசியும் பாசியும் கிருமியும் இரிக்கு, அலுமினியம் செம்பு எல்லாத்துலயும் பட்டுத்தான் வருது. இன்வேர்ட்டர் பட்டறிக்கும் ஊத்த வேணாம், காய்ச்சி வடிச்ச தண்ணி மாதிரி தெரிஞ்சாலும் அந்தச் சுத்தம் இல்ல, கடைப் போத்தல் ஒண்டு என்ன பெரிய விலையா.

இனி மணக்கிற கதை. கல்முனைப் பக்கம் ஒரு வீட்டுல அன்ரி ஒருத்தர் கூப்பிட்டா, "தம்பி ஏசியப் போட்டா மலக்குழி மணக்குது, மூணு பேர் வந்து கழுவிட்டுப் போயிட்டாங்க, பழைய மாதிரித்தான்" எண்டு. கழுவி என்ன செய்ய, முதல்ல பூட்டினவங்க ஏசி வடிகாலக் கொண்டு போய் பாத்ரூம் கழிவுப் பைப்புல நேராச் சொருகிரிக்காங்க. அந்தப் பைப் செப்டிக் டேங்க்குக்குத்தான் போகுது, டேங்க்ல வாற வாயு எளிதான வழி கிடைச்சதும் மேல ஏறி ஏசிக்குள்ளால கட்டில்ல படுத்திருக்கிற ஆளிட மூக்குக்கு வந்திருது. இடையில தண்ணி நிக்கிற வளைவு ஒண்டு போட்டா தடுக்கும்தான், ஆனா ஏசி ஒரு மாசம் போடாம விட்டா வளைவுல நிக்கிற தண்ணி வத்திரும், வத்தினா கதவு திறந்த மாதிரி. நான் அத வெட்டி எடுத்து வெளியில வடிகானுக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டுச் சொட்டுற மாதிரி வெச்சன். மணம் போச்சு. அன்ரி தந்த தொதல் இன்னும் நாக்குல நிக்குது.

மச்சான்ட மெசின்ல அதே வளைவுக்கு வேலை இன்னும் பெரிசு. அவன்ட பக்கம் வளைவுக்கு மேல இரிக்கிறது புகை, காபனோரொட்சைட்டு (கார்பன் மொனொக்சைட்) வரக்கூடிய புகை. மணமே இல்லாத சாமான், ஆளக் கொல்லும். அந்த வளைவுல தண்ணி நிக்கிறதாலதான் புகை வடிகால் பைப்பால வீட்டுக்குள்ள வராம இரிக்கு. சில மெசின்ல அது உள்ளுக்கே செஞ்சு வரும், சிலதுக்கு வெளியில பூட்டணும், எதுவா இருந்தாலும் முதல் தரம் பத்த வைக்க முதல் அதுக்குள்ள தண்ணி ஊத்தி நிரப்பணும், வீட்டப் பூட்டிட்டு மாசக் கணக்கா ஊருக்கு வந்து நிண்டா திரும்பிப் போய் மெசினப் போட முதலும் நிரப்பணும். "அடிக்கடி அடைக்குது" எண்டு சொல்லி அந்த வளைவக் கழட்டி நேர்ப் பைப் போடுறவன் வீட்டுக்குள்ள விட வேண்டிய ஆள் இல்ல. வளைவு, மறுகா காத்து இடைவெளி, மறுகா கழிவுப் பைப், இந்த ஒழுங்கு மாறக் கூடாது. காபனோரொட்சைட்டுக்குச் சத்தம் போடுற அலாரம் அங்க கடை கடையா விக்கிது, அதையும் ஒண்டு மாட்டச் சொன்னன்.

இதச் சொல்லேக்க நம்மட பக்கத்தயும் சொல்லணும். இஞ்ச வீட்டுக்கு வாற கேஸ் சிலிண்டர் கேஸ், குளிக்கிறதுக்கு எண்டு சுவர்ல மாட்டுற சின்னக் கேஸ் கீசர்கள்ல புகை சூடாவே வெளிய போறதால தண்ணி வடியிற பிரச்சினை கிடையாது. ஆனா புகைப் பிரச்சினை அப்படியே இரிக்கு. யன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள புகைக்குழாய் இல்லாம அதப் பூட்டச் சொல்லிக் கேட்டா நான் வர மாட்டன், எவ்வளவு காசு தந்தாலும். வெளியில மாட்டி சுடுதண்ணிப் பைப்ப மட்டும் உள்ளுக்கு எடுங்க.

லண்டன்காரருக்கு ஒண்டு. அங்க 2005ல இருந்து புதுசாப் போடுற கேஸ் பொயிலர் எல்லாம் பொதுவா மச்சான்ட மாதிரி ஆவிய ஒடுக்குற மொடல்தான், வடிகால் பைப்ப கனபேர் வெளிச் சுவரால இறக்கிரிக்காங்க, 2010 மார்கழிக் குளிருக்கு அந்தப் பைப்புகள் உறைஞ்சு நாடு முழுக்கப் பொயிலர்கள் நிண்டு போச்சு, ஐஸ் கொட்டுற அண்டைக்குத்தான் வீட்டுல சூடு இல்ல. காரணம் பைப் மெல்லிசு, சொட்டுச் சொட்டா வாற தண்ணி போற வழியிலயே உறையும். ஏலுமெண்டா வீட்டுக்குள்ளாலயே கொண்டு போகணும், ஏலாட்டி வெளிய போற துண்ட 32 மில்லிமீட்டருக்குப் பெருப்பிச்சு, நீளத்தக் குறைச்சு, மேல நுரை உறை சுத்தணும். உறைஞ்சு போனா இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தினாப் போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பைப் வெடிக்கும்.

இனி பாசிக்குடாப் பக்கம். ஹோட்டல்கள்ல ஹீட் பம்ப் எண்டு ஒரு தண்ணி ஹீட்டர் வருது, ஏசியத் தலைகீழாப் போட்ட மாதிரி, காத்துல இருக்கிற சூட்ட இழுத்து டாங்க் தண்ணிக்குக் குடுக்கும். அதுலயும் தண்ணி வடியும், ஆனா எரியிறது ஒண்டும் இல்லாதபடியா அமிலமும் இல்ல, கல்லுப் பெட்டியும் தேவல்ல, ஏசித் தண்ணிய மாதிரி நடத்தலாம். நான் பாத்த இடத்துல கரச்சல் வேற. டாங்க்ல சூடோ அமுக்கமோ மிஞ்சினா தானாத் திறந்து சுடுதண்ணிய வெளிய விடுற ஒரு வால்வு இரிக்கு, அந்த வால்வுட வாயையும் இந்தச் சொட்டுற மெல்லிசு எஸ்லோன் பைப்பையும் ஒண்டாச் சேத்து வெச்சிருந்தாங்க. எஸ்லோன் பைப் 60 பாகைக்கு மேல இளகும், வால்வு திறக்கிற நேரம் வாறது கொதிக்கிறதுக்குக் கிட்டப் போன தண்ணி, பைப் கழண்டு நிக்கிற ஆளிட மேலதான் பாயும். அந்த வால்வுக்குத் தனிப் பைப், சூடு தாங்கிற பைப், நேராக் கீழ, ஆக்கள் நடக்காத இடத்துக்கு. அத ஒரு நாளும் அடைக்கக் கூடாது, சொட்டுது எண்டு மூடி போட்டு இறுக்குறவங்களயும் கண்டிரிக்கன், அது குண்டு செய்யிற வேலை.

மச்சான்ட வீட்டுல ஹீட்டர் இரிக்கிறது நிலக்கீழ் அறையில, அந்த நிலத்து ஓட்டைய விட்டா மிச்சம் இரிக்கிற கழிவுப் பைப் அத விட உயரத்துல போகுது, அதுக்குச் சரிவால விடவே ஏலாது, ஒரு சின்னப் பம்ப் வெச்சிரிக்காங்க. கல்லுப் பெட்டிக்குப் பொறகுதான் பம்ப் வரணும், அமிலம் பம்புக்குள்ள போகாம. பம்ப்ல மிதவை ஒண்டு இரிக்கும், தண்ணி அளவுக்கு மேல ஏறினா ஹீட்டர நிப்பாட்டுற ரெண்டு வயரும் வரும், அந்த வயரத்தான் நிறைய பேர் சும்மா சுத்தி வெச்சிட்டுப் போவாங்க, வீடியோவுல பாத்தா இவன்ட பம்ப்லயும் சுத்தித்தான் கிடக்கு. பூட்டினவனத் திரும்பக் கூப்பிட்டு அத ஹீட்டரோட இணைக்கச் சொல்லு, இணைச்சதும் பம்ப் பிளக்க கழட்டிட்டு ஒரு ஜக் தண்ணிய பம்ப்புக்குள்ள ஊத்து, ஹீட்டர் நிண்டாத்தான் அவனுக்கு மிச்சக் காசு எண்டு சொல்லிரிக்கன். சனிக்கிழமை வாறானாம்.